வன்னி நாட்டு யானையும் அரசாங்கக் கொள்கையும்

வனவிலங்குகளைக் காத்தற்குரியோர் எவர், அவற்றால் விளையும் இழப்பைத் தாங்குவோர் எவர் என்னும் வினாக்கள் ஆபிரிக்கக் கண்டத்திலே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவன. அவற்றை ஆராயப் புகுவார்க்கு நமது வன்னி நாட்டின் வரலாறும் தக்கதொரு சான்றாகும்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் யானை அரசிறைப் பொருளாகவே மதிக்கப்பட்டது. வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். அவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அவ்வாணிகத்தை இன்றும் நினைவூட்டுகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை மாறிற்று. யானையைப் பயிரழிக்கும் விலங்கெனக் கொண்ட அரசாங்கம், அதனைக் கொல்வோர்க்குச் சன்மானம் வழங்கலாயிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதென, அக்காலத்துக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். பின்னர் அதே அரசாங்கம் 1891இல் யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றிற்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அப்பாதுகாப்பை மேலும் விரிவாக்கிற்று. சன்மானம் வழங்கிய கொள்கை பயிரை மட்டும் நோக்கியது. தடைவிதித்த கொள்கை விலங்கை மட்டும் நோக்கியது. இரு காலத்தும் காவற்பரணில் இரவு விழித்திருந்தவன் கமக்காரனே.

ஆபிரிக்காவிலும் இத்தகைய ஒருபக்க நோக்கு காணப்பட்டது. தங்கனீக்காவில் 1951இல் செரங்கெற்றி தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1959இல் மசாய் இடையர் அப்பூங்காவை விட்டு நீங்க நேர்ந்தது. இதற்கு மாறாக, சிம்பாப்வேயில் 1980களின் இறுதியில், வனவிலங்குகளால் வரும் வருவாயில் ஊரவர்க்கும் பங்களிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வருவாயிற் பெரும்பகுதி வேட்டைக் கட்டணத்தாற் கிடைத்தமையின், அத்திட்டமும் கண்டனத்துக்குத் தப்பவில்லை. எனினும், இழப்பைத் தாங்குவோர்க்குப் பயனிலும் பங்குண்டு என்னும் நீதியை அது நிலைநாட்ட முயன்றது.

2019இல் இலங்கை முழுவதிலும் 400க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 120 மனிதரும் இம்முரண்பாட்டில் மாண்டனர். 2020இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம், ஊர்களைச் சுற்றி நிலையான மின்வேலியும், அறுவடையின்பின் அகற்றத்தக்க வயல்வேலியும் அமைத்து, அவற்றை ஊரவரே பேணுதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. காட்டை யானைக்கும் வயலைக் கமக்காரனுக்கும் ஒருங்கே உரித்தாக்கும் இவ்வழி, முன்னைய கொள்கைகளின் குறையை நிறைவு செய்வதாகும். போர் 2009இல் முடிவுற்றபின் வன்னியில் மீளக் குடியேறி, காடு மண்டிய காணிகளைத் திருத்தியோர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. அவர்தம் விளைச்சலும் உயிரும் இதனையே சார்ந்துள்ளன.