பரிசோதனைக்கு வராதவர்கள்

2020 நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துக்குச் சுமார் 2,000 சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டார்கள், கொரோனா சோதனைக்கூடங்களை நடத்த. நவம்பர் 6 அன்று வேலை தொடங்கியது. அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, ஊரில் வாழ்கிற, வேலை பார்க்கிற எவரும் வரலாம், காசு கிடையாது, சீக்கிரமே முடிவு தெரிந்துவிடும் என்றது அரசு. ஏறக்குறைய 5 லட்சம் பேர் வாழும் ஊர். டிசம்பர் 9 வரைக்குமான கணக்கில் வந்து போனவர்கள் கால்வாசி.

இந்தக் கால்வாசி யார் என்பதுதான் விஷயம். வசதியான பகுதிகளிலிருந்து தாராளமாக வந்தார்கள். ஏழ்மை மிகுந்த பகுதிகளிலிருந்து வருகை குறைவு. ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதும் குறைவு. ஆண்கள், இளைஞர்கள், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் ஆகியோரின் வருகையும் அப்படித்தான். சோதனைக்கூடத்துக்குத் தூரமான பகுதிகள், இணையத்தில் அதிகம் புழங்காதவர்கள் வாழும் பகுதிகள் இவற்றிலும் அதே கதை. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்தால், அதே ஏழைப் பகுதிகளில்தான் விகிதம் அதிகம். (அறிகுறியற்றவர்களிடம் பிசிஆர் கண்டுபிடித்த தொற்றில் 40 சதவீதத்தைத்தான் இந்த உடனடிக் கருவி பிடித்தது என்பது தனிச் சண்டை. அதை மருத்துவர்கள் போதுமான அளவு போட்டாயிற்று.)

வராதவர்களுக்குப் பொதுச் சுகாதார மொழியில் ஒரு பெயர் உண்டு: ‘எட்டுவதற்குச் சிரமமானவர்கள்’. இந்தச் சொல்லாடலைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். யாருக்கு எட்டவில்லை? ஊரடங்கில் அடுத்தவர் வீட்டு வாசல்வரை மளிகை கொண்டுவந்து வைத்தவர், ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தவர், பஸ் ஓட்டியவர் எல்லாரும் இந்தப் பகுதிகளிலிருந்துதானே போனார்கள்? தினமும் வேலைக்கு எட்டுகிற ஆள் சோதனைக்கு மட்டும் எட்டாமல் போவது எப்படி? போகத் தெரியாத கையின் சிரமம், எட்டப்படாத உடலின் குணமாக மாற்றி எழுதப்படுகிறது. அப்புறம் என்ன, அறியாமை, அலட்சியம், வதந்தி என்று விளக்கம் எழுதிக்கொண்டே போகலாம்.

நம்ம சிறுபத்திரிகை ஆட்கள் வேறு பக்கம் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன். பட்டாளம், உடல், பட்டியல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் போதும், ஃபூக்கோவின் கொள்ளைநோய் நகரம் ஞாபகத்துக்கு வந்துவிடும். கண்காணிப்பை மறுத்த விளிம்புநிலைக் கலகக்காரர்கள் என்று ஒரு கட்டுரை தயார். லிவர்பூலில் வராதவர்களில் பலர் கலகம் எதுவும் செய்யவில்லை. கணக்குப் போட்டார்கள்.

கணக்கு இதுதான். தொற்று உறுதியானால் பத்து நாள் வீட்டுக்குள். கூட வாழ்கிறவர்களும் 14 நாள். மீறினால் அபராதம் 1,000 பவுண்டில் தொடங்கும். சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் வாரத்துக்கு 95.85 பவுண்டு. வாரத்துக்கு 120 பவுண்டுகூடச் சம்பாதிக்காதவருக்கு அதுவும் இல்லை; சொந்தத் தொழில்காரருக்கும் இல்லை. செப்டம்பர் 28 முதல் 500 பவுண்டு உதவி என்று ஒன்று இருந்தது, ஏகப்பட்ட நிபந்தனைகளோடு. தனிமையில் இருக்க ஆதரவு கிடைக்காது, வருமானம் போய்விடும் என்ற பயம் பெரிய தடையாக இருந்தது என்பது லிவர்பூல் பற்றிய மதிப்பீட்டிலேயே பதிவாகியிருக்கிறது. சோதனை இலவசம்தான், அதன் முடிவுக்கு விலை இருந்தது. அந்த விலையைத் தாங்கக்கூடியவர்கள் வந்தார்கள்.

இதற்கு ஒரு வாரம் முன்னால் ஸ்லோவாக்கியாவில் வேறு மாதிரி நடந்தது. அக்டோபர் 31, நவம்பர் 1 இரண்டே நாளில், ‘கூட்டுப் பொறுப்பு’ என்ற பெயரில், 55 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் சுமார் 36 லட்சம் பேர் சோதிக்கப்பட்டார்கள். 38,359 பேருக்குத் தொற்று. அங்கேயும் பெயருக்கு ‘விருப்பம்’தான். ஆனால் தொற்றில்லை என்ற சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. லிவர்பூலில் வந்தால் சம்பளம் போகலாம். அங்கே வராவிட்டால் போகும்.

மிரட்டாமல் கூட்டம் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது, அதே பிரிட்டனில். அது கொரோனா அல்ல, காசநோய். 1957 மார்ச், ஏப்ரலில், ஐந்தே வாரத்தில், கிளாஸ்கோ நகரத்தில் 7,14,915 பேர் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை; குலுக்கலில் பரிசுகள். பரிசுக்குத்தான் இத்தனை கூட்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்குள் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் எல்லாம் வந்துவிட்டன. 1948இல் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையில் சிகிச்சை இலவசம். படத்தில் நிழல் விழுந்தால் அடுத்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் இருந்தது.

அதற்கும் முன்பு, போர் நடந்துகொண்டிருந்த 1943இல், கூட்டம் கூட்டமாக நெஞ்சுப் படம் எடுக்கும் திட்டம் அங்கே தொடங்கியபோதே இந்தக் கேள்வி இருந்தது. நிழல் இருக்கிறது, வேலையை விடு என்றால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? சுகாதார அமைச்சகம் 266/டி என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது: வேலையை விட்டுச் சிகிச்சைக்குப் போகிற நுரையீரல் காசநோயாளியின் குடும்பத்துக்கு உதவித்தொகை. கருணை என்று நினைத்துவிடக் கூடாது. போருக்கு உழைக்க ஆள் தேவை. ஆகவே, சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பக்கூடியவருக்குத்தான் அந்தப் பணம். எலும்பில் காசநோய் வந்தவருக்குக் கிடையாது. தேறமாட்டார் என்று தீர்மானிக்கப்பட்ட நாள்பட்ட நோயாளிக்கும் கிடையாது. அவர் வீட்டிலேயே, பிள்ளைகளுக்கு நடுவில், இருமிக்கொண்டு கிடந்தார்.