‘உள்விவகாரம்’ என்னும் ஏற்பாடு



சமஸ்தானங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரண்மனை வாசலில் நின்றே படித்திருக்கிறோம். புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1,179 சதுர மைல் பரப்பு. மன்னர், திவான், தர்பார் எல்லாம் உண்டு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த வம்சம் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பல ஆண்டுகள் திருச்சி கலெக்டர்தான் அங்கே அரசியல் ஏஜெண்ட். ஒரு ஜில்லா அதிகாரிக்கு இந்த ராஜ்ஜியம் உபரி வேலை!

சமஸ்தானத்தின் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது பிரிட்டிஷாரின் வழக்கமான பேச்சு. 1915இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஒருவர் யாரை மணக்கிறார் என்பதைவிட உள்விவகாரம் வேறென்ன இருக்க முடியும்? பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு வாரிசுரிமையும் இல்லை. மன்னர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928இல் பாரிசில் இறந்தார். ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்தினார்கள்.

ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருந்த கோட்டை அழிக்க இத்தனை அக்கறை காட்டப்படவில்லை. அதுதான் அவர்களுக்கு உண்மையான உள்விவகாரம். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது, 1888இல், இனாம் செட்டில்மெண்ட் வந்தது. ஊழியத்துக்காக விடப்பட்ட நிலங்கள் வரி கட்டும் தனிச்சொத்தாக மாறின. நிலம் யார் பெயரில் இருந்தது என்று கேட்ட சீர்திருத்தம் அது. யார் உழுதார்கள் என்று கேட்கவில்லை.

சாதியில் தலையிட அவர்களுக்கு அதிகாரம் இல்லையா? இருந்தது. 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் மன்னர் பிரிட்டிஷாரின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். மிஷனரிகள் மனுமேல் மனு கொடுத்து, மேலிருந்தும் நெருக்கடி வந்த பிறகு, 1855இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. இதை வெள்ளையரின் கருணை என்று சொல்வோர் நம்மிடையேயும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரை நூற்றாண்டு அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் அவர்கள். விடுதலையான புலையருக்கும் பறையருக்கும் அந்தப் பிரகடனம் ஒரு காணி நிலமும் தரவில்லை. மேலாடைக்காக நாடார் பெண்கள் அடிபட்டுப் போராடியபின் 1859இல் வந்த அரசாணையும், ஆதிக்க சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.