புதுச்சேரி துட்டில் பூத்த பிரெஞ்சுப் பூ

1/ புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரங்க கூடவே ஒரு சின்னத்தையும் கொண்டு வந்தாங்க. அது என்ன சொல்லுச்சு, கடைசில எது மிஞ்சுச்சுன்னு ஒரு சின்ன த்ரெட். 🧵

2/ 1664. பதினாலாம் லூயி காலத்துல பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்குது. அதோட சின்னம்: வட்டமான நீலக் கேடயம், நடுவுல தங்க லில்லிப்பூ. ரெண்டுமே பிரான்ஸ் ராஜாவோட அடையாளம். சுத்தி வெற்றிக்கு ஓலைக் கிளை, சமாதானத்துக்கு ஆலிவ் கிளை.

3/ கூடவே லத்தீன்ல ஒரு வாசகம். "எங்கே கொண்டு போனாலும் பூப்பேன்"னு அர்த்தம். பூவே பேசுற மாதிரி! கேட்க அழகுதான். ஆனா பேசுறது ஒரு வியாபாரக் கம்பெனி. எந்தக் கரைல இறங்கினாலும் லாபம் பார்ப்பேன்னு படிச்சாலும் தப்பில்ல.

4/ இந்தப் பூ சாதாரண ஜனங்க கைக்கு வந்தது காசு வழியா.

1736ல ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான்கிட்ட வெள்ளி ரூபாய் அடிக்க அனுமதி வாங்கினாங்க. அதுல லில்லி கிடையாது. பாரசீக எழுத்துல முகலாய பாதுஷா பேர். அப்பதானே பெரிய வியாபாரத்துல செல்லும்!

5/ செப்புக் காசு கதை வேற. அவங்க அதை 'தூதூ'ன்னாங்க. நம்ம துட்டுதான்! ஒரு பக்கம் லில்லி. மறுபக்கம் தமிழ் எழுத்துல ஊர் பேர்: புதுச்சேரி.

கீரை வாங்குற சில்லறைல பாரசீகமோ பிரெஞ்சோ எழுதினா யார் படிப்பா?

6/ அப்புறம்?

1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடிச்சு இடிச்சுத் தள்ளினான். 1769ல கம்பெனியோட ஏகபோகம் போச்சு. 1830 புரட்சிக்குப் பிறகு பிரான்ஸ்லயே லில்லியை எடுத்துட்டாங்க. 1836 புதுச்சேரி காசுல பூ இருந்த இடத்துல சேவல்!

மறுபக்கம் மட்டும் மாறல. அதே தமிழ், அதே புதுச்சேரி.

7/ 2006ல பாண்டிச்சேரி அதிகாரபூர்வமா புதுச்சேரி ஆச்சு. "எதுக்குப் புதுப் பேரு?"ன்னு இன்னிக்கும் ஓ.பி.ல கேக்குறாங்க. புதுசு இல்லங்க. பிரெஞ்சுக்காரனே தன் காசுல அடிச்ச பேரு.

8/ ராஜா போனார், கம்பெனி போச்சு, பூவும் சேவலும் போச்சு. எங்கே போனாலும் பூப்பேன்னு சொன்னது லில்லி. நிலைச்சு நின்னது காசோட மறுபக்கம் இருந்த அஞ்சு எழுத்து.

வீட்டுல தாத்தா பாட்டி வச்ச பழைய செப்புக் காசு இருந்தா, தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. எழுத்து அழிஞ்சிடும். அப்படியே திருப்பிப் பாருங்க. 🙏