"நாஜி" என்ற ஒரு சொல்: உக்ரைன் போரும் பாதி உண்மையும்

போரிஸ் ரோமன்சென்கோவுக்கு வயது 96. இரண்டாம் உலகப் போரின்போது புகன்வால்ட் உள்ளிட்ட நான்கு நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர் பிழைத்தவர். கடைசிக் காலத்தில் உக்ரைனின் கார்கிவ் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வசித்து வந்தார். 2022 மார்ச் 18 அன்று ரஷ்யத் தாக்குதலில் அந்தக் கட்டிடம் சிக்கியது. ஹிட்லரின் முகாம்கள் கொல்லாமல் விட்ட மனிதர், "நாஜிகளை ஒழிக்க வந்திருக்கிறோம்" என்று அறிவித்த ராணுவத்தின் குண்டுக்குப் பலியானார்.

அந்த அறிவிப்பு வெளியானது அதற்குச் சரியாக 22 நாட்களுக்கு முன்பு. 2022 பிப்ரவரி 24 அதிகாலை தொலைக்காட்சியில் பேசிய ரஷ்ய அதிபர் புதின், உக்ரைன் மீதான படையெடுப்புக்கு இரண்டு நோக்கங்களைச் சொன்னார். ஒன்று, உக்ரைனை ராணுவ பலம் இல்லாத நாடாக்குவது. இரண்டு, அதை "நாஜி நீக்கம்" செய்வது. அன்று முதல் உலகம் முழுவதும் ஒரே சண்டை. உக்ரைனில் நாஜிகள் இருக்கிறார்களா, இல்லையா? ஒரு தரப்பு "எல்லோரும் நாஜிகள்" என்றது. மறு தரப்பு "ஒருவர்கூட இல்லை, எல்லாம் கட்டுக்கதை" என்றது. இரண்டுமே தவறு. ஏன் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பழைய கணக்கு

1941 ஜூன் 30 அன்று, ஜெர்மானியப் படைகள் நுழைந்த லிவிவ் நகரில், ஸ்தெபான் பண்டேராவின் ஆதரவாளர்கள் சுதந்திர உக்ரைனைப் பிரகடனம் செய்தார்கள். ஹிட்லர் உதவுவார் என்று நம்பினார்கள். ஆனால் ஜெர்மானியருக்குத் தேவைப்பட்டது உக்ரைனின் நிலமும் தானியமும்தான். சில நாட்களிலேயே பண்டேரா கைது செய்யப்பட்டு, பின்னர் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டார். அதே நாட்களில் லிவிவ் நகரில் யூதர்கள் மீது நடந்த வெறியாட்டத்தில் உக்ரைனிய தேசியவாதக் காவல் படையினருக்கும் பங்கு இருந்தது. 1943ல் வோலின் பகுதியில் உக்ரைன் கிளர்ச்சிப் படை பல்லாயிரம் போலந்து மக்களைக் கொன்று குவித்தது. அதே ஆண்டில் உக்ரைனியரைக் கொண்டு ஒரு எஸ்.எஸ். படைப்பிரிவும் அமைக்கப்பட்டது.

இவை மறைக்க முடியாத உண்மைகள். ஆனால் கணக்குப் புத்தகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே போரில் லட்சக்கணக்கான உக்ரைனியர்கள் சோவியத் செஞ்சேனையில் சேர்ந்து ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டார்கள். கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாஜிகளால் மிக மோசமாக அழிக்கப்பட்ட நாடுகளில் உக்ரைனும் ஒன்று.

சுதந்திர உக்ரைன் இந்தச் சரித்திரத்தை நேர்மையாகக் கையாண்டதா என்றால், முழுவதுமாக இல்லை. 2010 ஜனவரியில் அதிபர் யுஷ்சென்கோ, பண்டேராவுக்கு "உக்ரைனின் வீரர்" பட்டம் கொடுத்தார். போலந்தும் யூத அமைப்புகளும் கொதித்தன. பின்னர் நீதிமன்றத் தீர்ப்பினால் அது ரத்தானது. ஆனாலும் பண்டேராவின் சிலைகளும் அவர் பெயரிலான தெருக்களும் இருக்கத்தான் செய்தன.

அசோவ் கதை

2014ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது. கிழக்கே டான்பாஸில் சண்டை தொடங்கியது. உக்ரைன் ராணுவம் நலிந்து கிடந்த நேரத்தில் தன்னார்வப் படைகள் பல முளைத்தன. அவற்றில் ஒன்று அந்த ஆண்டு மே மாதம் உருவான அசோவ். அதன் முதல் தலைவர் ஆந்த்ரி பிலெட்ஸ்கி, தீவிர வலதுசாரி அமைப்புகளை நடத்தியவர். படையின் சின்னம் நாஜிக்கள் பயன்படுத்திய ஒரு குறியை ஒத்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது அரசின் தேசியக் காவல் படையில் சேர்க்கப்பட்டது. பிலெட்ஸ்கி படையை விட்டு அரசியலுக்குப் போனார். ஆனாலும் பழைய கறை எளிதில் போகவில்லை. 2018ல் அமெரிக்க நாடாளுமன்றமே தன் நிதி அசோவுக்குப் போகக் கூடாது என்று சட்டத்தில் எழுதியது. படையின் தன்மை மாறிவிட்டது என்று கூறி, 2024 ஜூனில்தான் அமெரிக்கா ஆயுதத் தடையை நீக்கியது.

சரி, இந்தத் தீவிர வலதுசாரிகளுக்கு மக்களிடம் என்ன செல்வாக்கு? 2012 தேர்தலில் ஸ்வோபோதா கட்சிக்குச் சுமார் 10 சதவீத வாக்கு கிடைத்தது. 2014ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே போனது. 2019ல் பல தேசியவாதக் கட்சிகள் ஒன்றாகச் சேர்ந்து நின்றும் கிடைத்தது 2.15 சதவீதம்தான். கட்சிப் பட்டியல் வழியாக ஓர் இடம்கூட வரவில்லை. அதே ஆண்டு 73 சதவீத வாக்குடன் அதிபரான ஜெலென்ஸ்கி யூத இனத்தவர்!

இந்த முரண்பாட்டைச் சமாளிக்க, 2022 மே 1 அன்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், ஹிட்லருக்கும் யூத ரத்தம் இருந்தது என்று இத்தாலியத் தொலைக்காட்சியில் சொல்லி வைத்தார். இஸ்ரேல் கடும் கண்டனம் தெரிவித்தது. சில நாட்களில் புதின் மன்னிப்புக் கேட்டதாக இஸ்ரேல் பிரதமர் அலுவலகம் அறிவித்தது.

ஏன் இந்தச் சொல்?

இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியன் இழந்த உயிர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். பலி இல்லாத குடும்பம் அங்கே அரிது. ஆகவே ரஷ்யரின் காதில் "நாஜி" என்பது தாத்தாவைக் கொன்றவன் என்றே ஒலிக்கும். அந்த உண்மையான துக்கத்தை ஆட்சியாளர்கள் பலமுறை முதலீடு ஆக்கினார்கள். 1956ல் ஹங்கேரி மக்கள் கிளர்ந்தபோது அது "பாசிசச் சதி" எனப்பட்டது. 1961ல் எழுந்த பெர்லின் சுவருக்குக் கிழக்கு ஜெர்மனி வைத்த பெயர் "பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்". பெயர் வைத்துவிட்டால் போதும், அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை. ரஷ்யாவின் பக்கம் போரிட்டவர்களிலும் இதே கூட்டம் உண்டு. வாக்னர் கூலிப்படையை உருவாக்கியவர்களில் ஒருவரான உத்கின், உடம்பில் எஸ்.எஸ். குறிகளைப் பச்சை குத்தியிருந்தவர். டான்பாஸில் 2014லேயே போரிட்ட ருசிச் என்ற குழு வெளிப்படையான நவநாஜிக் குழு. "நாஜி நீக்கம்" அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுபக்கத்தின் தவறும் சிறியதல்ல. ரஷ்யா பொய் சொல்கிறது என்பதற்காக, உண்மையைச் சொல்பவரையும் ரஷ்ய ஏஜென்ட் என்று முத்திரை குத்தினார்கள். அந்த அலட்சியத்தின் விலை 2023 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. ஜெலென்ஸ்கி வந்திருந்த நேரத்தில், கனடா நாடாளுமன்றம் 98 வயது முதியவர் ஒருவரை உக்ரைன் வீரர் என்று எழுந்து நின்று கைதட்டிப் பாராட்டியது. அவர் எஸ்.எஸ். படைப்பிரிவில் இருந்தவர் என்பது பிறகு வெளியானது. சபாநாயகர் ராஜினாமா செய்தார், பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ரஷ்யப் பிரச்சாரத்துக்கு அதைவிடப் பெரிய பரிசை யாரும் கொடுத்திருக்க முடியாது.

ஒரு பானை, ஒரு சோறு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பிரச்சாரம் பிழைப்பது இந்தப் பழமொழியில்தான். ஒரு படையின் சின்னத்தைக் காட்டி, நாலு கோடி மக்கள் வாழும் நாட்டையே பதம் பார்க்கச் சொல்கிறது. ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்குத்தான் அந்தக் கணக்கு சரி. மக்கள் கூட்டம் அப்படி வேகுவதில்லை.

எனவே இத்தகைய குற்றச்சாட்டு எந்தப் போரில் எழுந்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கிறார்களா? எத்தனை பேர், கையில் எவ்வளவு அதிகாரம்? அவர்கள் இருப்பது ஒரு படையெடுப்பை நியாயப்படுத்துமா? உக்ரைனைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் "ஆம்". இரண்டாவதற்கு "மிகக் குறைவு". மூன்றாவதற்கு "இல்லை". பிரச்சாரம் செய்பவர்கள் முதல் பதிலை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் கேட்க விடாமல் செய்கிறார்கள். முதல் பதிலையே மறுப்பவர்களும் அவர்களுக்குத்தான் உதவுகிறார்கள். அந்தப் பொய் ஒருநாள் பிடிபடும்போது, மீதி இரண்டு பதில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்கு முகாம்களிலிருந்து மீண்டு வந்த ரோமன்சென்கோவுக்கு நாஜி என்றால் யார் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல்லின் உண்மையான பொருளை அனுபவித்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இனி அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிக்கும் பொறுப்பு, அந்தக் காலத்தைப் பார்க்காத தலைமுறையின் கையில்தான் இருக்கிறது.