நடுவரை அடிப்பது யாரை அடிப்பது?

இங்கிலாந்தின் தொடக்ககாலக் கால்பந்தாட்டத்தில் ஒவ்வோர் அணியும் தனக்கென ஒரு கண்காணிப்பாளரை அழைத்துவந்தது. அவ்விருவரும் உடன்படாதபோது மட்டும் கோட்டுக்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் முறையிட்டனர். 1891இல் விதி மாறியது. மூன்றாமவர் களத்துக்குள் வந்தார். முடிவுரைக்கும் அதிகாரம் அவர் கைக்குச் சென்றது. அன்றுமுதல் தோற்றவரின் சினமும் அவர் ஒருவரையே நோக்கித் திரும்பியது.

விளையாட்டு அதிகாரம் அளித்தது. சட்டமோ அவரைப் பிற குடிமக்களுள் ஒருவராகவே நெடுங்காலம் கண்டது. பொதுவான தண்டனைச் சட்டம் அடியின் கனத்தைக் காயத்தால் அளக்கிறது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், சிறுவர் ஆட்டமொன்றில் கோட்டோர நடுவராக நின்ற ஒரு தந்தை உதைபட்டு மறுநாள் இறந்தார். மறு ஆண்டு ஆறு இளைஞர்களும் அவர்களுள் ஒருவரின் தந்தையும் தண்டிக்கப்பட்டனர். உயிர் போனால் சட்டம் விழித்துக்கொள்கிறது. ஓர் அறையோடு முடிந்திருந்தால் அது சிறு வழக்காகியிருக்கும். ஆனால் நடுவர்மேல் விழும் அறையின் தீங்கு காயத்தோடு முடிவதில்லை; அடுத்த ஆட்டத்தில் அவர் அஞ்சி அளிக்கும் தீர்ப்பிலும் அது தொடர்கிறது.

இதை உணர்ந்த சட்டங்களுள் ஒன்று கலிபோர்னியாவில் 1991இல் பிறந்தது. சாதாரணத் தாக்குதலுக்கு ஆறு மாதமாக இருந்த சிறைத்தண்டனையின் உச்சம், பணியிலிருக்கும் விளையாட்டு நடுவரைத் தாக்கினால் ஓராண்டாகும். துருக்கி 2011இல் இன்னும் ஒரு படி சென்றது: பணி தொடர்பாக நடுவருக்கு எதிராக இழைக்கப்படும் குற்றங்களில் அவர் பொது ஊழியராகவே கருதப்படுவார். ஆயினும் 2023 டிசம்பர் 11 அன்று அங்காராவில் ஒரு சங்கத்தின் தலைவரே களத்துள் நுழைந்து நடுவரை முகத்தில் குத்தினார். சட்டம் அந்தக் கையைத் தடுக்கவில்லை. எனினும் 2024இல் அவருக்கு மூன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தியாவில் நிலை என்ன? 2022 மே மாதம் டெல்லியில் நடந்த மல்யுத்தத் தேர்வுப் போட்டியில் ஒரு வீரர் நடுவரைத் தாக்கினார். கூட்டமைப்பு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அது விளையாட்டு உலகின் ஒழுங்கு நடவடிக்கை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவின்படி சாதாரணக் காயத்துக்கு உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கடமையிலுள்ள பொது ஊழியரைக் காயப்படுத்தினால் 121ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. தனியார் சங்கம் அமர்த்தும் நடுவர் பொதுவாக அந்த வரையறைக்குள் வருவதில்லை.

ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச்சட்டம் கேட்டால் முடிவேது என்னும் மறுப்பு நியாயமானதே. அதனால்தான் துருக்கியின் விரிந்த வரையறையைவிடக் கலிபோர்னியாவின் குறுகிய வழி நமக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன். தொலைக்காட்சி காட்டும் ஆட்டத்தில் நடுவரைக் காக்கக் காவலர் உண்டு. மாவட்டப் போட்டியில், சிறு தொகைக்காக வெயிலில் நின்று விசில் ஊதும் இளைஞருக்கு யாருமில்லை. சட்டம் முதலில் காண வேண்டியது அவரைத்தான்.