வெட்டப்பட்ட வேதமும் முழு வேதமும்

ஒரு நூலை மக்களிடமிருந்து மறைப்பதற்கு இரு வழிகள் உண்டு. எழுத்தறிவையே மறுத்துவிடுவது ஒன்று. எழுத்தறிவைத் தந்துவிட்டு, நூலில் தமக்கு உகந்த பகுதிகளை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது மற்றொன்று. முதல் வழியின் கொடுமையை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். இரண்டாவது வழியோ கல்வி என்னும் பெயரிலேயே வருவதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, கிறித்தவ வேதாகமம் மேற்கிந்தியப் பகுதிகளில் கறுப்பின அடிமைகளின் கைக்கு எவ்வாறு சென்றது என்னும் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். எம்மதத்தவராயினும் கல்வியில் நாட்டமுடையோர் அறிய வேண்டிய வரலாறு இது.

1807-ஆம் ஆண்டு நூல்

1807-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. ஆயினும், ஏற்கெனவே கரும்புத் தோட்டங்களில் உழன்றுகொண்டிருந்த அடிமைகளுக்கு விடுதலை கிட்டவில்லை. அதே ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் அச்சாயிற்று. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளின் பயனுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட வேதப் பகுதிகள் என்பது அதன் தலைப்பின் பொருள். அடிமைகளைக் கிறித்தவராக்கும் நோக்குடைய ஒரு சங்கத்திற்காக அது வெளியிடப்பட்டது. அச்சங்கத்தோடு தொடர்புடைய இலண்டன் பேராயர் பெயில்பி போர்ட்டியஸ் அடிமை வாணிகத்தை எதிர்த்தவர் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நல்லெண்ணம் கொண்டோரும் அக்காலத்தில் எவ்வளவு தூரமே செல்லத் துணிந்தனர் என்பதற்கு இந்நூல் சான்றாகும்.

புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. இந்நூலிலோ 232 அதிகாரங்களே இருந்தன. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கும், புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ பாதியும் நீக்கப்பட்டிருந்தன. இடச்சுருக்கம் கருதி இவ்வாறு செய்தனர் என்று சொல்ல இயலாது. எவை நின்றன, எவை போயின என்று நோக்கினால் நோக்கம் விளங்கும். எகிப்தில் அடிமைப்பட்ட இசுரவேலரை மோசே மீட்டுச் சென்ற வரலாறு போயிற்று. மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளை போயிற்று. ஒடுக்கப்பட்டோரின் முறையீடு நிறைந்த சங்கீதங்கள் முழுவதும் போயின. அடிமையென்றும் சுயாதீனனென்றும் கிறிஸ்துவுக்குள் வேற்றுமை இல்லை எனக் கலாத்தியருக்குப் பவுல் எழுதிய பகுதியும் போயிற்று. ஆனால் வேலைக்காரர் தம் எஜமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு அவரே எழுதிய பகுதி நின்றது. அடிமையாக விற்கப்பட்டும் உண்மையாய் ஊழியம் செய்து உயர்வடைந்த யோசேப்பின் கதையும் நின்றது.

தெமெராராவில் நேர்ந்தது

இன்றைய கயானா நாட்டின் ஒரு பகுதியான தெமெராராவுக்கு ஜான் ஸ்மித் என்னும் இளம் பாதிரியார் 1817-இல் சென்றார். அவரை அனுப்பியது இலண்டன் மிஷனரி சங்கம். மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பையொட்டி 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே பாதிரியாரும் இச்சங்கத்தைச் சேர்ந்தவரே. நீக்ரோ ஒருவனுக்கேனும் எழுத்து வாசிக்கக் கற்பித்தால் நாடு கடத்திவிடுவேன் என்று தெமெராரா ஆளுநர் மறே ஸ்மித்தை எச்சரித்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஸ்மித் தம் நாட்குறிப்பில் ஒரு செய்தியை எழுதினார். ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்தபோது, ஆபிரகாமுக்குக் கானான் நாடு வாக்களிக்கப்படும் பிற்பகுதியைத் தாம் விட்டுவிட்டதாகவும், அடிமைகள் அதற்கு வேறு பொருள் கொள்வரோ என அஞ்சியதாகவும் அதில் கண்டுள்ளார். அச்சிட்டவர்கள் இலண்டனில் செய்ததை, அன்புள்ளம் படைத்த இப்பாதிரியாரும் தம் நாவினால் செய்தார். அச்சம் எவரையும் வெட்டுக் கத்தி எடுக்க வைக்கும் என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் மக்கள் கேட்க வேண்டியதைக் கேட்டனர். 1823 ஆகஸ்டு 18 அன்று பதினாயிரத்திற்கு மேற்பட்ட அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமைகளின் நிலையைச் சீர்திருத்த இலண்டன் அரசு அவ்வாண்டு அனுப்பிய ஆணைகளை உள்ளூர் ஆட்சியினர் வெளியிடாது காலந்தாழ்த்தியதால், விடுதலையே மறைக்கப்படுகிறது என்னும் எண்ணம் அவர்களிடையே பரவியிருந்தது. ஸ்மித்தின் ஆலயத்தில் உதவிக்காரராயிருந்த குவாமினாவும், அவர் மகன் ஜாக் கிளாட்ஸ்டனும் இக்கிளர்ச்சியோடு இணைத்துப் பேசப்படுவோர். வெள்ளையருள் மடிந்தோர் மிகச் சிலர். அடிமைகளுள் மடிந்தோரோ நூற்றுக்கணக்கானோர். குவாமினா சுட்டுக் கொல்லப்பட்டு, அவருடைய உடல் பொதுவிடத்தில் தொங்கவிடப்பட்டது. ஸ்மித்துக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மோசேயின் வரலாற்றை அவர் போதித்தது பற்றியும் விசாரணையில் வினவப்பட்டது. மன்னரின் ஆணை வந்து சேருமுன், 1824 பிப்ரவரியில் அவர் சிறையிலேயே இறந்தார். இம்மரணம் இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்திற்கு வலுவூட்டியது. 1833-இல் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

மறுபக்கம்

இனி, ஒடுக்கப்பட்டோரே தமக்கு ஒவ்வாத பகுதியை விலக்குவது குறித்தும் சிந்திக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் ஹோவர்டு தர்மன் 1949-இல் வெளியிட்ட நூலில் தம் பாட்டியாரைப் பற்றி எழுதியுள்ளார். அடிமையாய் வாழ்ந்த அம்மூதாட்டிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேரன் வாசிக்கக் கேட்பார். ஆனால் அன்பைப் பற்றிய ஓர் அதிகாரம் தவிரப் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். எஜமானரின் போதகர் அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பவுலின் வாக்கையே மீண்டும் மீண்டும் பிரசங்கித்தமையே அதற்குக் காரணம்.

அம்மூதாட்டியின் சினத்தைக் குறை கூற யாருக்கும் தகுதியில்லை. ஆயினும் அவர் இழந்தது யாது? அடிமைக்கும் சுயாதீனனுக்கும் வேற்றுமையில்லை என்று எழுதியவரும் அதே பவுல்தான். ஒரு வாக்கியத்தை மட்டும் ஓதி, எஜமானர்கள் அவரிடமிருந்து பவுல் முழுவதையுமே பறித்துவிட்டனர். கடினமான பகுதியை மறைக்காது, மற்றப் பகுதிகளின் அருகே வைத்து வாசிக்கும்போதுதான் அதனைக் கேள்வி கேட்கவும் இயலும்.

மற்றொன்றும் உண்டு. விடுதலை வரலாற்றைச் சொல்லும் அதே யாத்திராகமம், எகிப்தில் அந்நியராயிருந்த துன்பத்தை அறிந்த நீங்கள் அந்நியரை ஒடுக்கலாகாது என்றும் கட்டளையிடுகின்றது. செங்கடலைக் கடந்ததை மட்டும் பாடி மகிழ்வோர்க்கு இக்கட்டளை இனிக்காது. விடுதலை பெற்றவரையும் நியாயம் விசாரிக்கும் பகுதி இது. நம்முள் சற்றே உயர்ந்தோர், நம்மினும் தாழ்ந்து கிடப்போரை எவ்வாறு நடத்துகின்றோம் என்று இது நம்மையும் கேட்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

1807-ஆம் ஆண்டு நூலின் படிகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திற்கு உரியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்கென 1866-இல் தோன்றிய நிலையம் அது. யாருக்கு முழு நூல் மறுக்கப்பட்டதோ, அவர்தம் வழியினரே இன்று அவ்வெட்டப்பட்ட நூலைச் சான்றாகக் காத்து வருகின்றனர்.

நம் கழகமும் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்து வந்துள்ளது. இனி அவர்கள் கையில் சமயநூலாயினும், சட்டநூலாயினும், வரலாறாயினும் முழுமையாகக் கொடுப்போமாக. பிறர் பொறுக்கித் தந்ததோடு அவர்கள் நின்றுவிடாமலும், தமக்கு இனித்ததை மட்டும் தாமே பொறுக்கிக் கொள்ளாமலும் வாசிக்கப் பழக்குவது ஆசிரியர் கடமை. அக்கடமையில் கழகம் மேன்மேலும் சிறக்க வாழ்த்துகின்றோம்.