கம்பியின் தோலை உரித்த கதை

மின்சாரத்தின் வரலாறு என்றதும் பாரடே, எடிசன், டெஸ்லா என்று வரிசையாகப் பெயர் சொல்லிவிடுவோம். கம்பிக்கு உறை போட்டவர்களைப் பற்றிக்கூட எங்கேயாவது ஒரு வரி இருக்கும். அந்த உறையை உரித்தவர்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஆனால் பூனாவிலும் பரிதாபாத்திலும் பெங்களூரு பீன்யாவிலும் மோட்டார், டிரான்ஸ்பார்மர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் பலருக்கு அதுதான் தினப்படி வேலை. கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தெருவுக்குத் தெரு வைண்டிங் கடை பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் இந்தப் பதிவு உரித்த கதை.

முதலில், ஏன் உரிக்க வேண்டும்? காயில் சுற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். அதற்காகக் கம்பி முழுக்க ஒரு பூச்சு. ஆனால் மின்சாரம் உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு முனைகளில் மட்டும் செம்பு வெறும் மேனியாகத் தெரிய வேண்டும். பல நூறு மீட்டர் கம்பியில் இரண்டே இரண்டு விரற்கடை நீளம். மொத்தத் தலைவலியும் அந்த இரண்டு விரற்கடையில்தான்.

1825இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தத்தில் உறையே கிடையாது. இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் கம்பியை ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிச் சுற்றினார். அமெரிக்காவில் ஆல்பனி ஊரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி கம்பிக்கே பட்டு சுற்றினார். இப்போது நெருக்கமாக, அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றலாம். 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல், அதாவது 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. அதே வருடம் லண்டனில் பாரடே தன் புகழ்பெற்ற இரும்பு வளையத்தில் சுற்றுகளுக்கு நடுவே சணல் கயிறும் காலிகோ துணியும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பட்டும் பருத்தியும் இருந்த வரை உரிப்பது ஒரு வேலையே இல்லை. நூலைப் பிரித்து விட்டால் போதும். பிரியவில்லை என்றால் ஒரு தீக்குச்சி.

சிக்கல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நூல் உறை இடத்தை அடைத்துக்கொள்ளும், ஈரத்தை உறிஞ்சும். டெலிபோனுக்கும் சின்ன மோட்டாருக்கும் அது சரிப்படவில்லை. ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவற்றில் செய்த பூச்சைக் கம்பியில் தடவிச் சூளையில் சுட்டு எடுத்தார்கள். அதுதான் எனாமல் கம்பி. நூலை விட மிக மெல்லியது, ஈரம் ஏறாது. ஆனால் இதைப் பிரிக்க முடியாது, சுரண்டத்தான் வேண்டும். கையில் உப்புத்தாளும் பிளேடும் வந்தது அப்போதுதான்.

தடித்த கம்பி என்றால் சுரண்டிவிடலாம். 44 கேஜ் கம்பி 0.08 மில்லிமீட்டர்தான், தலைமுடி மாதிரி. கொஞ்சம் அழுத்தினால் அறுந்துவிடும். அறுந்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பிளேடு செம்பில் ஒரு சின்னக் கீறல் போட்டுவிட்டுப் போனால்தான் வம்பு. அன்றைக்கு எல்லாச் சோதனையிலும் பாஸாகும். பிறகு மோட்டாரின் அதிர்வில் ஒரு நாள் அந்த இடத்தில் துண்டாகும்.

ரேடியோ காயில்களில் வந்த லிட்ஸ் கம்பி இன்னும் மோசம். தனித்தனியாக எனாமல் பூசிய மயிரிழைக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கியது அது. ஒவ்வோர் இழையும் சுத்தமாக வேண்டும், ஓர் இழையும் அறுபடக் கூடாது. பழைய ரேடியோக்காரர்கள் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருந்தார்கள். முனையை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, அப்படியே ஸ்பிரிட்டில் முக்குவார்கள். பூச்சு கருகி உதிரும், தீயில் கறுத்த செம்பு ஸ்பிரிட்டில் பட்டதும் பளிச்சென்று சிவப்பாகிவிடும். சூடான காப்பர் ஆக்சைடிலிருந்து ஆல்கஹால் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. உப்புத்தாளே தொடாத வேதியியல்!

1930களின் கடைசியில் பார்ம்வார் என்ற செயற்கைப் பிசின் பூச்சு வந்தது. இயந்திரம் வேகமாகச் சுற்றினாலும் உரியாது, எண்ணெயில் ஊறினாலும் அசையாது. விற்பனைக்குச் சொன்ன அதே பெருமைதான் முனையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்த சோதனையும். மெத்திலீன் குளோரைடு, பினால், பார்மிக் அமிலம் என்று திராவகங்கள் வந்தன. உருகிய காஸ்டிக் சோடாத் தொட்டியும் வந்தது. 318 டிகிரியில் உருகும் காஸ்டிக், அதில் ஒரு துளி ஈரம் பட்டால் தெறிக்கும். அலுமினியக் கம்பியை முக்கினால் பூச்சோடு கம்பியையும் தின்றுவிடும். சரியாகக் கழுவாமல் விட்டால் மிச்சம் இருக்கும் காரம் செம்பை மெல்ல அரிக்கும்.

இதற்கு விடிவு மாதிரி வந்தது பாலியூரிதேன். 1937இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவருடைய குழுவும் கண்டுபிடித்த பிசின் வகை. இந்தப் பூச்சுள்ள கம்பியைச் சுமார் 390 டிகிரி சால்டர் தொட்டியில் முக்கினால் பூச்சு தானே உடைந்து விலகும், ஈயமும் அதே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். உரிக்கிற வேலையே போச்சு! கோடிக்கணக்கான ரிலே, டிரான்ஸ்பார்மர் காயில்கள் இப்படித்தான் உருவாயின.

ஆனால் பூச்சு எங்கே போனது? புகையாக, முன்னால் உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்குப் போனது. பாலியூரிதேன் சூட்டில் உடையும்போது ஐசோசயனேட் வகைப் பொருள்கள் வெளிவரும். 1984இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் இதே குடும்பத்தின் வேறோர் உறுப்பினர். இங்கே அளவு மிகச் சின்னது, பொருளும் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வகைப் பொருள்களால் ஆஸ்துமா வரும் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளிப் புகையே மூச்சிரைக்க வைத்துவிடும்.

மெத்திலீன் குளோரைடின் கதையும் அப்படித்தான். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. பல பத்தாண்டுகள் அதில் கைநனைத்து வேலை செய்த பிறகுதான், 2024இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை விதித்தது.

அடுத்து வந்த பாலியெஸ்டர் இமைடு, பாலியமைடு இமைடு பூச்சுகள் 200 டிகிரி வரை தாங்குபவை. சால்டர் தொட்டிக்கு இவை மசியவில்லை. சுழலும் பிளேடு, கண்ணாடி இழை பிரஷ் என்று பழைய சுரண்டலே இயந்திரமாகத் திரும்பி வந்தது. சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள்: ஏன் உரிக்க வேண்டும்? உட்புறம் பல் வைத்த டெர்மினலில் கம்பியை வைத்து நசுக்கினால் பல்லே பூச்சைக் கிழித்துச் செம்பைத் தொட்டுவிடும். டெலிபோன் பெட்டிகளில் கருவியால் அழுத்திச் சொருகும் குரோன் பட்டை ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் உறைக் கம்பிக்கு அதே யோசனை. அதன் பெயரில் உள்ள எல்.எஸ்.ஏ. என்பது ஜெர்மன் மொழியில் மூன்று ‘வேண்டாம்’களின் சுருக்கம்: சால்டர் வேண்டாம், திருகு வேண்டாம், உறை உரிக்க வேண்டாம்.

1970களில் நாசா தன் விண்வெளி ஓடத்தின் மெல்லிய கம்பிகளில் பிளேடு கீறல் விழக் கூடாது என்று லேசரால் உரிக்க வழி தேடியது. கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பூச்சு விழுங்கிக்கொள்ளும், செம்பு திருப்பி அனுப்பிவிடும். அதனால் பூச்சு தீர்ந்ததும் உரிப்பு தானே நின்றுவிடும். இன்றைக்கு மின்சாரக் கார் மோட்டார்களில் வட்டக் கம்பிக்குப் பதில் கொண்டை ஊசி மாதிரி வளைத்த பட்டைச் செம்பு வைக்கிறார்கள். ஒரு மோட்டாருக்கு நூற்றுக்கு மேல் ஊசிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகள். அவ்வளவையும் வெல்டிங்குக்கு முன் உரித்தாக வேண்டும். அந்த வேலை பல ஆலைகளில் லேசர் கையில்தான்.

இருநூறு வருடக் கதையில் எனக்குத் தெரிவது இதுதான். பூச்சு ஒவ்வொரு முறை கெட்டியானபோதும் லாபம் மோட்டாருக்குப் போனது, கஷ்டம் முனையில் உட்கார்ந்தவருக்குப் போனது. லேசர் வாங்கும் கம்பெனிக்கு அந்தக் கணக்கு மாறிவிட்டது. பத்துப் பேர் உட்கார்ந்து காயில் சுற்றும் ஷெட்டுக்கு இன்னும் மாறவில்லை. அங்கே தேவைப்படுவது லேசரும் இல்லை. சால்டர் தொட்டிக்கு மேல் புகையை இழுத்து வெளியே தள்ளும் ஒரு குழாய், காஸ்டிக் பக்கத்தில் கண்ணாடியும் கையுறையும், கழுவ நல்ல தண்ணீர்.

உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலைக்குப் போகிறார்களா? சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்போம் இல்லையா, கூடவே புகைக்குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.